சம்பந்தியம்மாவின் முழங்கால்

மார்ச் 4
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியருக்கு மறுபடி ஒரு மாணவி: மனைவிதான். மருமகள் வேற்று மொழிக்காரி. அவளுடைய அம்மாவுக்கும் எங்களுக்கும் பொது மொழி ஆங்கிலம். ஞாயிறுதோறும் வீடியோவில் நான் பேசுவேன், மனைவி சிரிப்பாள்.

“சிரிச்சுச் சிரிச்சே வாய் வலிக்குதுங்க. நானே அவங்ககிட்ட நாலு வார்த்தை பேசணும். சொல்லிக்கொடுங்க.”

அஸ்திவாரத்திலிருந்து தொடங்கினேன். ஐ, யூ, ஹீ, ஷீ, இட் முதலான பிரதிப்பெயர்கள், எட்டு வகை.

மார்ச் 9
தன்மை, முன்னிலை, படர்க்கை முடிந்தன. இப்போது உடைமை வகை. “சாப்பிட்டீங்களான்னு கேக்கறது எப்போ வரும்?” என்கிறாள். பாடத்தில் இல்லை.

மார்ச் 12
தற்சுட்டு வகை. “மைசெல்ஃப் போய் காய் வாங்கிட்டு வரேன்” என்று பையை எடுத்தாள். திருத்தினேன். திருத்தாமல் நானும் சிரித்திருக்கலாம்.

மார்ச் 17, ஞாயிறு
சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, தானே கேட்டாள்: “யுவர் லெக், ஷீ பெயினிங்?”

அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதில் சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, காலுக்கு ‘ஷீ’ வராது, ‘இட்’தான் வரும் என்று இருவருக்கும் விளக்கினேன். உதாரணங்களோடு.

அந்தம்மா “யெஸ், யெஸ்” என்று நிறுத்திக்கொண்டார். மனைவி போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 18
“பாடம்?” என்றேன்.
“அடுப்புல வேலை இருக்கு.”
அடுப்பில் ஒன்றுமில்லை.

மார்ச் 24
மனைவி எங்கே என்று சம்பந்தியம்மா கேட்டார். குளிக்கிறாள் என்றேன். பிழையே இல்லாத ஆங்கிலத்தில் ஒரு பொய். அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

வலி அந்தம்மாவுக்கு. கேட்டவள் இவள். நடுவுல எனக்கென்ன வேலை? வேலை பார்த்த காலமெல்லாம் வாயைத் திறந்தவனையெல்லாம் திருத்தியாச்சு — இவளையாவது விட்டிருக்கக் கூடாதா?

மார்ச் 31
“தப்பு என்னோடதுதான். இனிமே வாயே திறக்க மாட்டேன். நீ பேசு” என்றேன்.

“உங்க முன்னாடி வேணாங்க. வார்த்தையே வர மாட்டேங்குது.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு
சில வாரங்களாகச் சம்பந்தியம்மா என் போனுக்கு அழைப்பதில்லை. சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்கு ஏறினேன். கதவுக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல்.

“டுடே லெக் வாக்கிங்?”

“வாக்கிங்! ஸ்லோ ஸ்லோ வாக்கிங்!” அவளுடைய போனில் சம்பந்தியம்மா. நல்ல ஆங்கிலம் பேசக்கூடியவர். இவளுக்காக இவளுடைய ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எட்டு வகையில் ஒன்றுகூட அங்கே தேவைப்படவில்லை.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கினேன்.