பின் வலது மோட்டர்

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

ட்ரோன் துடைத்தேன். நான்கு விசிறிகளையும் கழற்றி நகத்தால் ஓரம் ஓரமாகத் தடவினேன். ஒன்றில் மயிர் போல ஒரு வெடிப்பு. எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். பற்றரி இரண்டும் மேசையில் வைத்தால் ஆடாமல் கிடக்கின்றன. வீங்கியிருந்தால் தொட்டில் மாதிரி ஆடும்.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் குடுவை கழுவிய கை, சும்மா இருக்குமா? வேலை விட்டபோது எல்லாரும் கதிர்காமம் போ, காசிக்குப் போ என்றார்கள். நான் ட்ரோன் வாங்கினேன். உரும்பிராய் ஊரே இன்னும் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

ஏப்ரல் 30, புதன்

ரூபன் கதைத்தான்!

என் தம்பி ஜெயரூபன். அடுத்த வளவு. ஆறு வருடமாக முகம் பார்க்காதவன். வேலி அரையடி என் பக்கம் வந்துவிட்டது என்று நான் சொல்ல, மறுநாளே தகரம் அடித்தான். இரண்டு வளவுக்கும் நடுவே ஆள் நுழைந்து போய்வர இருந்த வேலிப் பொட்டும் அன்றோடு அடைபட்டது.

இன்று தகரத்துக்கு மேலே அவன் தலை. கல்லில் ஏறி நின்றிருக்க வேண்டும்.

"அக்கா, பதினோராம் திகதி பிள்ளையாருக்குத் தேர். இந்த வரியம் நான்தான் செயலாளர். உன்ரை உதாலை மேலை நிண்டு ஒரு வீடியோ எடுத்துத் தாவன்."

"ஓம்" என்று வாய் சொல்லிவிட்டது. எடி விசரி! சனம் கூடுகிற இடத்துக்கு மேலே விடக்கூடாது என்று உனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அக்கா என்றல்லவா கூப்பிட்டான்.

மே 2, வெள்ளி

ஒரு வழி இருக்கிறது. தேருக்கு மேலே போகாமல், குளத்தடியில் வெறும் வயலுக்கு மேலே நிறுத்திச் சரிவாக எடுக்கலாம். அதற்குத்தான் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். ரூபனிடம் சொன்னால் முகம் கோணுகிறது.

"அவ்வளவு தூரத்திலையோ? கலசத்துக்கு நேர் மேலை வேணும் அக்கா."

"விழுந்தால்?"

"பட்டம் விழுந்து ஆரும் செத்தவையே?"

பட்டம் கட்டிப் பரிசு எடுத்தவனுக்கு வானத்தில் நிற்பதெல்லாம் பட்டம். தகரத்துக்கு மேலால் ட்ரோனை நீட்டினேன். "கையிலை ஒருக்காத் தூக்கிப் பார்." கை நீட்டவில்லை. "சரி, வயல் பக்கத்தாலை எண்டாலும் எடு" என்று இறங்கிப் போனான்.

மே 7, புதன்

அனுமதி வந்தது. தென்மேற்கே இருந்து சோளகம் வீசத் தொடங்கிவிட்டது. காலையில் மட்டும் காற்று அடங்குகிறது.

மே 10, சனி

என் வளவுக்குள் தென்னை உயரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்த்து இறக்கினேன். மோட்டர்களைத் தொட்டேன். மூன்று வெதுவெதுப்பு. பின் வலது சுட்டது.

கழற்றி விரலால் சுழற்றினால் சுகமாகச் சுற்றுகிறது. மண் இல்லை, துரு இல்லை. பிறகேன் சுடுகிறது?

ஹலீமுக்குப் போன் எடுத்தேன். ஐந்து சந்தியில் போன் திருத்துகிற கடை. ட்ரோன் சாமானும் அவர்தான் எடுப்பித்துத் தருவார். "அக்கா, சூடு வந்தால் ஒரு காரணம் இருக்கும். அது பிடிபடும் வரைக்கும் ஆக்களுக்குக் கிட்ட விடாதேங்கோ. புது மோட்டர் வர மூண்டு கிழமை ஆகும்."

விடிந்தால் தேர்.

ரூபனைக் கூப்பிட்டு, நாளைக்கு விடமுடியாது என்று சொன்னேன். "எல்லாம் சாட்டு. அந்த அரையடிக்கு இண்டைக்குப் பழி தீர்க்கிறாய், என்ன?" தகரத்துக்கு மேலிருந்த தலை இல்லாமல் போனது.

அப்படியா நினைத்தாய்? பாவி, அப்படியா நினைத்தாய்?

மே 11, ஞாயிறு

தேர். விடவில்லை. வெறுங்கையோடு போனேன்.

வெறும் வயல் என்று நான் நினைத்திருந்த இடத்தில் வரிசையாகக் கச்சான் கடலைக் கடை. ரூபனின் மனைவி றஜிதா கற்பூரச்சட்டி எடுத்துக் களைத்து அங்கேதான் குந்தியிருந்தாள். ரூபன் வடத்தடியில் என்னைக் கண்டான். முகத்தைத் திருப்பினான். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மே 18, ஞாயிறு

என் வளவுக்கு மேலே மட்டும், கீழே ஒருவரும் இல்லாமல், பன்னிரண்டு நிமிடம் விட்டேன். ஒரு பிழையும் இல்லை. சூடுகூடக் குறைவு.

அப்ப தேரண்டு விட்டிருக்கலாமோ? நான்தான் பயந்து செத்தேனோ?

மனம் கேட்கவில்லை. றோட்டாலே சுற்றி அவன் படலைக்குப் போனேன்.

"ரூபன், இண்டைக்கு விட்டுப் பாத்தன். ஒண்டும் ஆகேல்லை. தேரண்டும் ஒண்டும் ஆகாமல் போயிருக்கும்."

"அதை ஏன் இப்ப வந்து சொல்லுறாய்?"

"நீ கேக்கமாட்டாய். அதாலை நானே சொல்லுறன்."

றஜிதா தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

மே 25, ஞாயிறு

விழுந்தது.

ஒன்பதாவது நிமிடம் கரகரவென்று ஒரு சத்தம். பின் வலது நின்றது. அப்படியே புரண்டு, காற்று தள்ள, தகரத்தைத் தாண்டி அவன் வெங்காயம் நட்ட தறைக்குள். கடவுளே, அங்கே ஆட்கள் நிற்கக்கூடாது என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஒருவரும் நிற்கவில்லை.

என் படலைக்கு நான் போக முன்னமே ரூபன் வந்துவிட்டான். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு.

"இவ்வளவு பாரமே உது?"

"தூக்கிப் பார் எண்டு நீட்டினனான்."

"தறையிலை நாலு விரல் இறங்கிப் போச்சு அக்கா." விசிறியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "றஜிதா எல்லோ அந்தக் கச்சான் கடையடியிலை இருந்தவள்" என்றான். என் மேசையடியில் வந்து இருந்துவிட்டான். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தக் கதிரையில்.

மோட்டரைப் பிரித்தோம். உள்ளே, காந்தத்தடியில், உருகிச் சுற்றிப்போய் ஒரு பச்சை நைலோன் இழை. சாமணத்தால் இழுத்தவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது என்ரை பட்டத் தங்கூசி எல்லோ?"

ஓம். தைப்பொங்கலன்று பட்டம் ஏறியிருந்த நேரத்தில் விட்டேன். அவனுடைய தங்கூசியில் உரசியது. வெளியே தெரிந்ததை வெட்டி எடுத்தேன். உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. பட்டம் ஏறுகிற நாளில் வானத்தில் எனக்கு என்ன அலுவல்?

"நூல் உன்ரை. பிழை என்ரை" என்றேன்.

"விடக்கா" என்றான்.

ஜூன் 7, சனி

ஹலீமிடமிருந்து மோட்டர் வந்தது. பூட்டினேன். பழைய பொட்டு இருந்த இடத்துத் தகரத்தை ரூபன் கழற்றிவிட்டான். அரையடி யாருடைய பக்கம் என்று இருவரும் கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஏழு நிமிடம் பறந்தது. நான் திரையைப் பார்க்க, ரூபன் பொட்டடியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பருந்து ஒண்டு வருது. இறக்கு."

இறக்கினேன்.