நாலாம் படத்தில் நின்ற அம்மாவுக்கு

என் பிடிவாதக்கார அம்மா,

நீ போய் ஒரு மாசம் ஆச்சு. உன் சிலுவைப் பாதைப் படங்கள் நம்ம தோட்டத்து லய வீட்டுச் சுவரில் அதே ஆணியில்தான் தொங்குது. கலண்டர் மாதிரி பதினாலு படம். விடியக்காலையில ஒரு படத்தைத் திருப்பி, அதையே பார்த்து நின்னுட்டுத்தானே கொழுந்து மலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவே? “வாயால சொல்ல எனக்கென்ன தெரியும்? நான் பாக்குறேன், அவரும் பாக்குறாரு” என்பாய். இப்போ உன் மருமகள் திருப்புறா. உன்னை மாதிரி அசையாம நிக்கத்தான் அவளுக்கு வரல.

தொண்ணூறுகள்ல, பதுளை பஸ் ஸ்டாண்டில் புலின்னு சந்தேகப்பட்டு பொலிஸ்காரங்க என்னைப் பிடிச்சிக்கிட்டுப் போனாங்களே, அப்போ நீ செஞ்ச கூத்தைப் பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்காதான் எனக்குச் சொன்னாங்க. நாலாம் படத்தோட நிறுத்திட்டியாமே! சிலுவை சுமந்து போற மகனை மாதா வழியில் சந்திக்கிற படம். மாசக்கணக்கா அதுவேதான். கோயில் உபதேசியார் வந்து, “இது என்ன புதுப் பழக்கம்? பதினாலும் முடிக்கணும்” என்று ஏசினாராம்.

“அவங்க மகனை அவங்க பாத்துட்டாங்க. நான் இன்னும் பாக்கலீங்களே. பாத்துட்டுத் திருப்புறேன்” என்றாயாம். அடேயப்பா! கங்காணி முன்னால வாய் திறக்காத நீயா அது? அத்தனை மாசமும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியாம். எங்கேம்மா வச்சிருந்தே அவ்வளவையும்?

என்னை விட்டதும் வாசலில் வந்து நின்னேன். என் முகத்தைத் தடவிப் பார்த்தே. தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தே. நேரே போய்ப் படத்தைத் திருப்பினே. அடுத்த படத்தில் மாதா இல்லை. மகன் தள்ளாடிக்கிட்டே மேல போறார். அப்போதான் நீ உடைஞ்சே.

“எம்புள்ள வந்துட்டான் தாயே, உம்புள்ள போறானே!”

எல்லாரும் மாதாகிட்ட கேக்கத்தான் போவாங்க. நீ அவங்களுக்காக அழுதே. அப்படி ஒரு மனசு உனக்கு எங்கேருந்து வந்துச்சு? இன்னிக்கு நினைச்சாலும் எனக்குப் பெருமையா இருக்கு.

என்னோட அடைபட்டிருந்த வெலிமடைக்காரன் இன்னும் வீடு வந்து சேரல. அவன் அம்மா இருக்கிற இடம் போன வாரம்தான் தெரிஞ்சது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பஸ் ஏறுறேன். என்ன பேசுறதுன்னு தெரியல. அந்தம்மா எந்தச் சாமி படத்துக்கு முன்னால நின்னாலும் சரி, பக்கத்துல போய் நிப்பேன்மா.

வீடு வந்து சேர்ந்த
உன் மூத்த பிள்ளை