மோயா என்று விளித்தவன்

நேற்று மத்தியானம் பேரன் சவுதியிலிருந்து வந்திறங்கினான். வேர்த்து வழிய உட்கார்ந்தவன் தங்கையிடம், "மோயா கொண்டா" என்று சொல்லிச் சிரித்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். சொன்னான். எழுத்தறியாத நான் சொல்லச் சொல்லப் பேத்தி இதை எழுதுகிறாள். கூட்டாளி, உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்ல?

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான மறு வருஷம், ஆனி மாதம். நீ குளச்சலிலிருந்து கருவாடு எடுக்க எங்கள் கடியப்பட்டணத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தாய். உங்கள் நோன்பு மாதம் அது. நீ எச்சிலைக்கூட விழுங்காமல் துப்புவதைக் கண்டு நான் கேலி செய்வேன். அப்போதுதான் பாய்க்கப்பல் ஒன்று உடைந்து, பலகையைக் கட்டிப்பிடித்தபடி ஒருவன் கரையில் ஒதுங்கினான். தாடி. வாயைத் திறந்தால் அல்லா. அரபிக்காரன், அப்படியானால் துலுக்கன்தான் என்று ஊர் தீர்த்துவிட்டது. வலை வைக்கும் குடிலில் அவனைக் கிடத்தி, உனக்கு ஆள் அனுப்பிவிட்டு, காவலுக்கு நான் இருந்தேன்.

செம்பில் தண்ணீர் இருந்தது. அரைமயக்கத்தில் கிடப்பவன் வாயில் ஊற்றி அவன் நோன்பை முறித்தால் பாவம் என் தலையில் அல்லவா? நோன்பு திறக்கும் பாங்கு நேரம் ஆகட்டும் என்று செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன். அவன் "மோயா, மோயா" என்று முனகிக்கொண்டே கிடந்தான். நீ வந்து சேருமுன் அடங்கிவிட்டான்.

நீ முதலில் செம்பைத்தான் பார்த்தாய். "சீக்காளிக்கும் வழிப்போக்கனுக்கும் நோன்பு இல்லலே. ஒரு மடக்கு குடுத்தியா?"

"அவன் கேக்கல்ல மக்கா. மோயான்னு யாரையோ விளிச்சான்."

நீ அந்த வார்த்தையை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாய். சின்னதிலிருந்தே அரபி ஓதியவன் நீ. ஓதத்தான் தெரியும், பேச்சு தெரியாது. பெண்டாட்டியாக இருக்கும், இல்லை மகளாக இருக்கும் என்றாய்.

உங்கள் பள்ளியில் அடக்கக் குளச்சலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். குளிப்பாட்டும்போது வலது மணிக்கட்டின் உள்பக்கம் பச்சை குத்திய சிலுவை தெரிந்ததாம். மற்றவர்கள் கையை எடுத்துவிட, நீ ஒருவனே முழுக்கக் குளிப்பாட்டி முடித்து வெளியே வந்தாய். "இவன் ஒங்க வேதக்காரன்லே."

அரபி எப்படி வேதக்காரன் ஆவான், அல்லா என்றுதானே விளித்தான் என்று நான் முழித்தேன்.

"அரபின்னா அவன் பெறந்த எனம். அவன் பாஷையில கடவுளுக்கு அதுதான் பேரு. நோன்பும் பெருநாளும் மக்கமும் எங்க மார்க்கம். மக்கத்தப் பாத்துத் தொழுதா நான் அரபி ஆயிருவனா? ரோமாபுரிய நெனச்சுக் கும்பிடுதியே, நீ என்ன வெள்ளக்காரனாலே?"

வந்த வழியே திரும்பச் சுமந்து, எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பேரில்லாமல் அடக்கினோம். நீ வாசலுக்கு வெளியே நின்றாய். அந்தப் பெருநாள் தொடங்கி உன் கண் மூடும் வரை, பெருநாள் தொழுகை முடிந்ததும் அந்த மோயாவுக்காகவும் துஆ கேட்டாய். ஆணைப் பறிகொடுத்தது தெரியாமலே எந்தக் கரையில் காத்திருக்கிறாளோ என்பாய். அவன் தண்ணீர் கேட்கவில்லை என்ற ஒரே பிடியில் நானும் இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

மோயா என்றால் தண்ணீராம் மக்கா.

வார்த்தை உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அதைச் சொன்ன ஒவ்வொரு தரமும் அவன் கண் அந்தச் செம்புக்குத்தான் போனது. அதை நான் கண்டேன். உன்னிடம் சொல்லவில்லை.