எந்த பாஷையில் பார்த்தாலும் சரி

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். சங்கக் கூட்டம் சப்பென்று முடிந்தது. இந்தத் தடவை நான் தேர்ந்தெடுத்த படம் யாருக்கும் பிடிக்கவில்லை. ரெட்டிகாரு பாதியிலேயே தூங்கிவிட்டாராம். அதையும் பெருமையாகச் சொல்கிறார். ரிடையர்டு ஹெட்மாஸ்டர், அவர் தூங்கினால் அதுவும் ஒரு விமர்சனம்.

சினிமா சங்கம் என்று பெயர்தான் பெரிசு. இப்போது ஆள் நாலு: ரெட்டிகாரு, லுங்கி வியாபாரம் லோகநாதன், ஹைஸ்கூல் டீச்சர் கலாவதி, நான். முன்னே மாடி நிறைய இருந்தோம். கம்ப்யூட்டர் படித்த பையன்கள் பெங்களூர் போனார்கள். பேங்க்காரர் மகனோடு இருக்கச் சென்னை போனார். ரெட்டிகாரு வீட்டு மாடியில் அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகள் மட்டும் அப்படியே.

விதி பழையதுதான். புதுசாக வந்த படம் ஒன்று. கூட்டத்துக்குள் அவரவர் பார்த்துவிட வேண்டும். புத்தூரோ, திருப்பதியோ, எல்லை தாண்டித் திருத்தணியோ. தமிழோ தெலுங்கோ, எந்த பாஷையில் பார்த்தாலும் சரி. செக்ரட்டரி நான், அதனால் படம் தேர்ந்தெடுக்கிற வேலை என் தலையில்.

அடுத்த கூட்டம் 20ஆம் தேதி. கையில் இருப்பவை:

– லாரி டிரைவர் படம். சண்டை நன்றாக இருக்காம். பேச என்ன இருக்கும்?
– பேய்ப் படம். டீச்சர் வரமாட்டாங்க.
– ஃபாரின் வேலைக்குப் போகிற நர்ஸ் படம். தமிழில் எடுத்து தெலுங்கிலும் விட்டிருக்கிறார்கள். பார்க்கவே பயமாக இருக்கு.

ராத்திரிக்கு ரசம். ஒரு ஆளுக்கு ரசம் வைக்க இன்னும் கை வரவில்லை. எப்போதும் மிஞ்சுகிறது.

ஜூலை 7, திங்கள்

ஃபாக்டரி. மாங்காய் லோடு குறைந்துவிட்டது, சீசன் முடிகிற நேரம். எடைமேடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன். மாம்பழக் கூழ் அடைத்த டிரம்கள் வெளியே அடுக்கி இருக்கின்றன. பாதி வளைகுடாவுக்குத்தான். குவைத்தில் தான் வேலை செய்கிற வீட்டில் இதைத்தான் ஜூஸ் என்று குடிக்கிறார்கள் என்று வசந்தி சொல்லியிருக்கிறாள். சித்தூர் ஜில்லா மாங்காய் கூட என் பெண்டாட்டி இருக்கிற ஊரைப் பார்த்துவிட்டது. நான் பார்க்கவில்லை.

வசந்திக்கு அங்கே குழந்தை பார்க்கிற வேலை. மகள் பிரியாவின் படிப்புக்காக என்று போனது. பிரியா எம்.சி.ஏ. கடைசி வருஷம் வந்துவிட்டாள், திருப்பதி ஹாஸ்டல். வசந்தியின் அக்ரிமென்ட் செப்டம்பரில் முடிகிறது. இனி அவள் வந்துவிடலாம்.

வர வேண்டும். இதை அவளிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் கூப்பிட்டு வந்து, நாளைக்குக் கையில் பற்றவில்லை என்றால், நீதானே கூப்பிட்டாய் என்று வரும். அவளாகவே வந்தால் நல்லது. எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே அசிங்கமாக இருக்கு. இருந்தாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

அரை நாள் லீவு. திருப்பதி. பிரியாவைப் பார்த்தேன். கேன்டீன் டீ, பாதி ஆறியது. மெலிந்திருக்கிறாள். படத்துக்கு வர்றியா என்றேன். "இப்ப முடியாது நைனா, புராஜெக்ட் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே வாட்சைப் பார்த்தாள். பெங்களூரில் இன்டர்வியூவாம். போய்விடுவாள். சந்தோஷம்தான்.

தனியாக மேட்னி. நர்ஸ் படம், தெலுங்கு. ஹாலில் பாதி மொட்டைத் தலை. தரிசனம் முடித்துவிட்டு ரயில் வரும் வரை பொழுது போக்க வந்தவர்கள்.

கதை: சைக்கிள் கடைக்காரன், அவன் பெண்டாட்டி நர்ஸ். ஃபாரின் போகிறாள். லீவில் வருகிறாள். திரும்பிப் போகிற அன்றைக்கு ஏர்போர்ட்டுக்குள் போய்விட்டாள், அவன் கண்ணாடிக்கு வெளியே. டிக்கெட்டை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறாள். அவ்வளவுதான். டிக்கெட் யார் காசு என்று ரெட்டிகாரு கேட்பார். கேட்கட்டும். பக்கத்து சீட் மொட்டை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதது. என்னிடம் துண்டு இல்லை.

இந்தப் படம்தான். சங்கத்துக்காகத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதினால் பொய். வசந்தி பார்க்கட்டும் என்று எடுத்தேன். என் வாயில் வராததை அந்தப் படம் சொல்லட்டும்.

ஜூலை 11, வெள்ளி

மத்தியானமே வீட்டுக்கு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தாயிற்று. வெள்ளிக்கிழமை அவளுக்கு அரை நாள் லீவு. கடப்பா சுப்பம்மா அக்கா ரூமுக்குப் போவாள். நம்ம பக்கத்துப் பெண்கள், தமிழ்நாட்டுப் பெண்கள் எல்லாம் அங்கே கூடிப் படம் பார்ப்பார்கள். இங்கே போஸ்டர் காய்வதற்குள் அங்கே கேசட் போய்விடுகிறது. போகிற வழியில் கார்டு போனிலிருந்து எனக்குப் பேசுவாள். நான் கூப்பிட முடியாது, அந்த வீட்டம்மாவுக்குப் பிடிக்காது.

பிரியா எப்படி, உடம்பு எப்படி, மழை உண்டா. அதோடு முடிந்துவிடும். அப்புறம் ரெண்டு பேரும் சும்மா இருப்போம், கார்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தடவை பேச ஒன்றும் கிடைக்காமல் சங்கத்துப் படத்தைச் சொன்னேன். அவளும் பார்த்தாள். அதிலிருந்து இதுதான் பேச்சு. வில்லனுக்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறோம். சங்கத்தில் ஐந்தாவது ஆள் அவள். மற்ற மூணு பேருக்குத் தெரியாது.

திருப்பதியில் பார்த்தேன், நர்ஸ் படம், நீயும் பாரு என்றேன். கதை என்ன என்றாள். நீயே பாரு என்றேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவன் மாதிரி இருந்தது.

அப்புறம் அவள், "மேடம் மாசக் கடைசிக்குள்ள பதில் கேக்கறாங்க மாமா. இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. நீ இன்னா சொல்ற?"

"உன் இஷ்டம்."

ம் என்றாள். கார்டு தீர்ந்துவிட்டது. உன் இஷ்டமாம். வாயில் கொழுக்கட்டை.

ஜூலை 15, செவ்வாய்

ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் ஆடிக்கு மகளை அழைத்து வந்திருக்கிறார்கள், ஒரே கலாட்டா. கதவைச் சாத்திக்கொண்டு கிரிக்கெட் பார்த்தேன். யார் விளையாடினார்கள் என்று ஞாபகமில்லை.

ஜூலை 18, வெள்ளி

பார்த்துவிட்டாள். நல்ல படம் என்றாள். அந்த சைக்கிள் கடைக்காரன் மூக்கு உன் மூக்கு மாதிரி என்று சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாள்.

அப்புறம் கேட்டாள். "அந்தப் பொண்ணு கடைசியில பண்ணாளே. அது சரியா மாமா?"

"நூத்துக்கு நூறு சரி" என்றேன். நிறுத்தவில்லை நான். அந்தப் பெண்ணுக்கு என்ன தைரியம், அவள் முகத்தைப் பார்த்தாயா, வேற யாராக இருந்தாலும் அதைத்தான் செய்யணும், என்றெல்லாம் கொட்டினேன். ரெட்டிகாரு பார்த்திருந்தால் செக்ரட்டரிக்கு சாமி வந்துவிட்டது என்று சொல்லியிருப்பார்.

"அப்ப சரி" என்றாள்.

வருகிறாள். வாயைத் திறந்து கேட்காமலேயே வேலை முடிந்தது. சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் யாரும் இல்லாமல் தனியாக பஜ்ஜி தின்றேன். சந்தோஷத்துக்கும் கூட ஆள் வேண்டியிருக்கு.

ஜூலை 20, ஞாயிறு

கூட்டம். லோகநாதன் இல்லை, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் கடை போட்டிருக்கிறான். மூணு பேரும் தெலுங்கில் பார்த்தவர்கள்.

ரெட்டிகாரு "அந்தா அபத்தம்" என்று ஆரம்பித்தார், எல்லாம் பொய்யாம். டிக்கெட்டை எவரும் கிழிக்க மாட்டார்களாம். நான் விடவில்லை. கலாவதி டீச்சர் மட்டும் வேற ஒன்று சொன்னாங்க. எல்லாரும் அவள் திரும்பி வந்ததைப் பற்றியே பேசுகிறோமாம். அங்கே அவள் எப்படி இருந்தாள், என்ன நினைத்தாள் என்று படத்தில் ஒரு சீன்கூட இல்லையாம். நம்மில் யாரும் கேட்கவும் இல்லையாம்.

ரெட்டிகாரு தலையாட்டினார். எனக்குக் கொஞ்சம் கோபம். எல்லாவற்றிலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்கிறார்கள்.

ஜூலை 21, திங்கள்

செய்ய வேண்டியவை:
– சுண்ணாம்பு அடிக்க ஆள்
– பாத்ரூம் பல்பு
– கட்டிலில் அவள் பக்கம் ஏறிக் கிடக்கும் பேப்பர் எல்லாம் எடைக்கு
– பால்காரரிடம் செப்டம்பரிலிருந்து கூட அரை லிட்டர்
– மீசைக்கு மை? (வேண்டாம். சிரிப்பாள்.)

பேப்பரை மட்டும் இன்றே போட்டுவிட்டேன். கட்டில் இவ்வளவு அகலமா?

ஜூலை 22, செவ்வாய்

மழை தூறல். லோகநாதன் இன்னும் சரக்கு எடுக்கத் திருத்தணியிலிருந்து வந்தவன் நேராக ஃபாக்டரி கேட்டுக்கே வந்தான். கூட்டம் தவறிப்போனதில் அவனுக்கு வருத்தம். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அங்கேயே படம் பார்த்துவிட்டானாம், தமிழில்.

"இன்னா நெஞ்சழுத்தம்பா அந்தப் பொம்பளைக்கு. அவன் நின்னுக்கினே கெடக்கறான், திரும்பிக்கூடப் பாக்காம பிளேன் ஏறிப் போயிட்டா."

இல்லை, டிக்கெட்டைக் கிழிக்கிறாள் என்றேன். அவன் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தான். பிளேன் மேலே போவதுதான் கடைசி ஷாட் என்று பிள்ளையார் மேல் சத்தியம் செய்தான். அப்புறம் அவனே சொன்னான், தெலுங்கில் அழுகை முடிவு ஓடாது என்று மாற்றி எடுத்து விட்டிருப்பார்கள், முன்னேகூட இப்படிச் செய்ததுண்டு என்று.

எடைமேடையில் ஒரு டிராக்டர் ஏறி நின்று ஹாரன் அடித்தது. எனக்குக் காதில் விழவில்லையாம், டிரைவர் இறங்கி வந்து திட்டினான்.

சுப்பம்மா அக்கா ரூமில் தமிழ் கேசட்டும் வரும். வசந்தி எதைப் பார்த்தாள்? எதைச் சரியா என்று கேட்டாள்? நூற்றுக்கு நூறு என்று நான் எதற்குச் சொன்னேன்?

ஜூலை 23, புதன்

லீவு சொல்லாமல் திருத்தணி. பஸ்ஸில் காவடிக் கூட்டம், மஞ்சள் துணி, அரோகரா. நான் மட்டும் சினிமாவுக்கு. லோகநாதன் சத்தியம் செய்தாலும் கண்ணால் பார்க்காமல் மனசு ஆறவில்லை.

போய்விடுகிறாள். பிளேன் சின்னதாகி மறைகிறது. தெலுங்கில் இருந்த ஆட்டோ பாட்டு இதில் இல்லை. மூணு மணி நேரம் அதே ஆட்கள், அதே சைக்கிள் கடை, அதே மழை. கடைசி அஞ்சு நிமிஷம் மட்டும் வேற. தமிழில்தான் படம் நன்றாக இருக்கிறது. அதுதான் ஆத்திரமாக வருகிறது.

அவளிடம் சொல்லிவிட வேண்டும். மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு. நாளை மறுநாள் வெள்ளி.

ஜூலை 24, வியாழன்

குவைத் நம்பரைச் சுற்றினேன். அந்த வீட்டம்மா எடுத்தாள். அரபியில் ஏதோ கேட்டாள். வைத்துவிட்டேன். வசந்திக்குத் திட்டு விழுமோ என்று நாள் பூரா அதே நினைப்பு.

சுண்ணாம்பு அடிக்கிறவர் வந்து நின்றார். அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

மத்தியானம் போன். எடுத்ததும் ஒரே மூச்சில் சொன்னேன். நான் பார்த்தது தெலுங்கு, அதில் அவள் திரும்பி வந்துவிடுகிறாள், அதைத்தான் சரி என்று சொன்னேன், தமிழில் பிளேன் ஏறுகிறாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

"தெரியும் மாமா" என்றாள்.

ரூமில் ரெண்டு கேசட்டும் இருந்ததாம். முதலில் தமிழ், அப்புறம் சுப்பம்மா அக்கா பிடிவாதமாகத் தெலுங்கு போட்டாளாம். எந்த முடிவு சரி என்று பெண்களுக்குள் பெரிய ரகளையாம். நான் திருப்பதியில் பார்த்தேன் என்றதால் எதைப் பார்த்திருப்பேன் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டதாம்.

"தெரிஞ்சுக்கினா கேட்டே?"

"வா வசந்தின்னு ஒரு வார்த்தை வருமான்னு பாத்தேன். நீ அந்தப் பொண்ணைப் பத்தியே பேசிக்கினு இருந்த. என்னைப் பத்தி ஒண்ணுமே கேக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் என்ன விலை என்று கேட்டு வந்து சொல்வது மாதிரிச் சொன்னாள். போன வாரம் பேசிய மறுநாள் சனிக்கிழமையே மேடமிடம் இன்னும் ரெண்டு வருஷத்துக்குச் சரி என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டாளாம்.

"வா" என்றேன். "வசந்தி, வந்துடு. எனக்கு இங்க முடியல."

இத்தனை நாள் தொண்டையில் நின்றது, சொல்லும்போது ஒன்றுமே கஷ்டமாக இல்லை. அதுதான் தாங்கவில்லை. அந்தப் பக்கம் ரோட்டில் வண்டிகள் போகிற சத்தம் மட்டும். போய்விட்டாளா என்று வசந்தி, வசந்தி என்றேன். இருந்தாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னா துன்ன?" என்று கேட்டாள்.

கத்திரிக்காய்க் குழம்பு, சாதம் என்றேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை.