எஸ்தர் தொடாத பால்கோவா

12 ஆகஸ்ட் 1937, வியாழன்

இன்று ராஜபாளையம் போய்த் தங்கை எஸ்தரைப் பார்த்தேன். புருஷனைப் பறிகொடுத்து ஆறு மாதம் ஆகிறது. ஜெபவீட்டு உபதேசியார் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொண்டுபோன பால்கோவாவை நீட்டினேன். எஸ்தர் கையை இழுத்துக்கொண்டாள்.

"கோயில் ஊருப் பண்டம்ணே. அன்னைக்கு நான் ஆசப்பட்டு அவியட்ட வாங்கியாரச் சொன்னேன். அந்தப் பாவந்தான் அவியள கொண்டுபோயிருச்சு."

"யாரு சொன்னா?"

அவள் உபதேசியாரைப் பார்த்தாள். அந்த ஆள் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னான். மாப்பிள்ளை செத்தது டைபாய்டு காய்ச்சலில். அது அவனுக்கும் தெரியும்.

"போயிட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னேன். வழியனுப்ப எழுந்திருக்கவும் எஸ்தர் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். எழுந்தாள்.

அவன் தலையசைக்கும்வரை நானும் எழுந்திருக்கவில்லை.