வெறும் நெற்றிக் கடிதங்கள்

நீர்வேலி
3-12-1936

அன்புள்ள மலரின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். கொழும்புத் தண்ணீர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்?

போன ஞாயிறு கனிசியஸ் அண்ணை வந்தார். நாம் பதிவுக் கலியாணம் செய்த நாளிலிருந்து ஒன்பது வருடம் என் முகம் பாராத அண்ணை, குருநகரிலிருந்து சைக்கிளில் வந்து, இரண்டு பாரை மீனோடு படலையில் நின்றார். உள்ளே வரவில்லை. "நத்தாருக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். நான் மாதா கோயிலுக்கு வரமாட்டேன் என்றேன். "கோயிலுக்கு ஆர் கூப்பிட்டது? பலகாரம் தின்ன வா."

போவதாக இல்லை. ஆனால் மலர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டாள். "பொங்கல் ஊர்ச் சனத்துக்கு, நத்தார் மாமா ஆக்களுக்கு. எங்களுக்கு எப்பயம்மா?" என்று மூன்று நாளாக ஒரே கேள்வி. எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பலகாரத் தட்டு வந்ததில்லை. எந்த நாளில் எங்களுக்கு அனுப்புவதென்று ஊருக்கும் தெரியாது.

ஆகையால் இந்த முறை வீட்டிலேயே நத்தார் கொண்டாடலாமென்று இருக்கிறேன். செபம் இல்லை, குடில் இல்லை. ஒரு கடதாசி நட்சத்திரம், பயத்தம் பணியாரம், பிள்ளைக்குப் புதுச் சட்டை, அவ்வளவுதான். நீங்களும் லீவில் வந்துவிடுவீர்கள். மூன்று பேருமாக இருந்து தின்போம்.

உங்கள்
லூர்த்தம்மா


கொழும்பு
9-12-1936

அன்புள்ள லூர்து,

கடிதம் கிடைத்தது. வாசித்து மனம் கசந்துபோனேன்.

நான் உமக்கு எழுதிய முதற் கடிதம் ஞாபகமிருக்கிறதா? எங்கள் வீட்டில் பிள்ளையார் சுழி போட்டு, 'சிவமயம்' எழுதாமல் ஒரு கடிதம் தொடங்கமாட்டார்கள். உங்கள் வீட்டில் சிலுவை. நான் தலையில் ஒன்றும் போடாமல் எழுதினேன். நீரும் ஒன்றும் போடாமல் மறுமொழி எழுதினீர். அந்த வெறும் நெற்றியைக் கண்ட அன்றுதான் கட்டினால் உம்மைத்தான் என்று முடிவு செய்தேன். அதற்காக என் ஆட்களையும் உமது ஆட்களையும் விட்டு வந்தோம். இப்போது இரண்டு மீனைக் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்றா?

இன்றைக்கு நட்சத்திரம், அடுத்த வருடம் குடில், அதற்கடுத்தது ஞானஸ்நானம். இருக்க இடங்கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கும்.

நட்சத்திரம் தொங்கும் வீட்டுக்கு நான் வரமாட்டேன். கந்தோரில் லியோன் என்பவர் நத்தாருக்கு ஊர் போக லீவு கிடைக்காமல் திரிகிறார். உமது மறுமொழி கண்டபின் என் லீவை அவருக்குக் கொடுப்பதா என்று யோசிப்பேன்.

தம்பிஐயா


நீர்வேலி
14-12-1936

அன்புள்ள மலரின் அப்பாவுக்கு,

லீவை லியோனுக்கே கொடுத்துவிடுங்கள். ஒரு வீட்டிலாவது தகப்பன் நத்தாருக்கு வந்து சேரட்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை நான் மீன் காய்ச்சினால் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? கேட்டால் பழக்கம் என்பீர்கள். தை பிறக்குமுன் முற்றம் மெழுகு என்பீர்கள், அதுவும் பழக்கம். உங்களுடையதெல்லாம் பழக்கமாகிவிட்டது. என்னுடையது மட்டும் சமயமாகவே நிற்கிறது. இந்த முறை நத்தார் வெள்ளிக்கிழமையில் வருகிறது. உங்கள் பழக்கத்துக்காக அன்று மீன் காய்ச்சமாட்டேன். ஆனால் நட்சத்திரம் கட்டுவேன்.

நீங்கள் வராவிட்டால் எனக்கு நோகும். மலருக்கு இன்னும் சொல்லவில்லை.

லூர்த்தம்மா


யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரி
28-12-1936

அன்புள்ள மலரின் அப்பாவுக்கு,

பிள்ளைக்குக் கடுங் காய்ச்சல். நேற்றுக் கொண்டுவந்து சேர்த்தோம். பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

நத்தாரன்று மூன்று வீட்டுக்குத் தட்டு அனுப்பினேன். இரண்டு, மூடிய துணி அவிழாமலே திரும்பி வந்தன. பக்கத்து வளவுச் சின்னாச்சியக்கா மட்டும் வாங்கி வைத்தார். தின்றாரோ மாட்டுக்குப் போட்டாரோ, நான் கேட்கவில்லை. நேற்றுக் காலை தட்டைத் திருப்பித் தர வந்தார். வெறுந்தட்டுக் கொடுக்கக்கூடாதென்று ஒரு சீப்புக் கதலிப்பழம் வைத்திருந்தார். உள்ளே மலர் நினைவு தப்பிக் கிடந்தாள். நான் ஈரத்துணியை வைத்துக்கொண்டு மலைத்துப்போய் இருந்தேன்.

"எடி, பிள்ளை நெருப்பாய்க் கொதிக்குது, நீ பாத்துக்கொண்டிருக்கிறாய்! இஞ்சை விடு" என்று அவளைத் தூக்கித் தோளில் போட்டார். அவருடைய புருஷன் முருகேசு அண்ணை உடனே வண்டில் பூட்டினார். அந்த அக்கா எங்கள் வீட்டு வாசற்படியை முதன்முதல் மிதித்தது நேற்றுத்தான்.

இங்கே பெயர் பதிகிறவர், "சமயம்?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"இல்லையெண்டால் நான் என்னெண்டு எழுதுறது?"

"இல்லையெண்டே எழுதுங்கோ."

டொக்டர் ஒன்றும் திடமாகச் சொல்கிறார் இல்லை. வாருங்கள்.

லூர்த்தம்மா


உ

கொழும்பு
30-12-1936

லூர்து,

கடிதம் இப்போதுதான் கண்டேன். லியோன் வெள்ளிக்கிழமைதான் வருவார். கப்பற் கந்தோருக்குப் புது வருடமும் லீவில்லை. ஆள் வந்து பொறுப்பெடுக்காமல் விடமாட்டேன் என்கிறார் துரை. கெஞ்சிப் பார்த்துவிட்டேன். என் லீவை என் கையாலேயே கொடுத்தேனே, பாவி. வெள்ளி பின்னேரம் ரயிலேறிச் சனி காலை வந்துவிடுவேன். பிள்ளையை விட்டு அசையாதே. மறு தபாலில் எழுது. அவளுக்கு ஒன்றும் வராது. ஒன்றும் வராது.

தம்பிஐயா


யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரி
31-12-1936

அன்புள்ள மலரின் அப்பாவுக்கு,

இன்று காலை காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. கண் திறந்து கஞ்சி கேட்டாள். ஆபத்து நீங்கியதென்று டொக்டர் இன்னும் சொல்லவில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்கிறார்.

பின்னேரம் உங்கள் கடிதம் வந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, மேலை ஏன் 'உ' போட்டிருக்கு?" என்றாள். அப்போதுதான் நானும் கண்டேன். அவளுக்குப் பிள்ளையார் சுழி தெரியாது, நாம் சொல்லிக்கொடுக்கவில்லையே. "அப்பா என்னவோ எழுதத் துவங்கி மிச்சத்தை மறந்திட்டார் போலை" என்றாள். ஓம், மறந்திட்டார் என்றேன்.

தெரிந்து போட்டீர்களோ, கை தானாகப் போட்டதோ, நான் கேட்கமாட்டேன். நத்தார் கொண்டாடிய நான் இங்கே 'இல்லை' என்று பதியச் சொன்னேன். வேண்டாமென்ற நீங்கள் அங்கே சுழி போட்டீர்கள். நினைக்கச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோபமும் வந்தது, அதை ஒளிக்கமாட்டேன். ஒரு கடதாசி நட்சத்திரத்துக்காக அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டில் இல்லை. என் பிள்ளையைத் தூக்கியது அயலாள். அது எனக்கு ஆற நாளாகும்.

சனிக்கிழமை நேரே இங்கே வாருங்கள். உங்கள் பங்குப் பணியாரம் டின்னில் இருக்கிறது. நட்சத்திரத்தை நான் கழற்றவில்லை. கழற்றத்தான் வேண்டுமென்றால், மலர் வீட்டுக்கு வந்தபின், அவள் பார்த்திருக்க நீங்களே கழற்றுங்கள்.

இந்தக் கடிதத்தின் தலையையும் ஒருமுறை பாருங்கள். நான் இன்னும் ஒன்றும் போடவில்லை.

லூர்த்தம்மா