முற்றத்தில் குவித்த துப்பாக்கிகள்

மகன் ஜப்ரானுக்கு,

உன்மேல் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் அம்மாவுக்கு முட்டி வலி விடவில்லை, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகும்படி உனக்குச் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். இனி என் பேச்சைக் கேள்.

கிணற்றுத் தகராறு தீர்ந்துவிடும் என்று நம்பித்தான் அன்று இரண்டு பக்கத்தாரும் தீர்ப்புச் சொல்லும் கயித்தின் வீட்டு முற்றத்தில் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து குவித்தோம். மொத்தம் பதினாறு. பஞ்சாயத்தின் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறோம் என்று அதற்கு அர்த்தம், உனக்குத் தெரியாததா, என் துப்பாக்கியை நீயே எத்தனை முறை கொண்டுபோய் வைத்திருக்கிறாய். மேலே சுற்றிய விமானத்துக்கு அது ஆயுதக் கிடங்காகத் தெரிந்திருக்கிறது. குண்டு போட்டுவிட்டது. தேநீர்த் தட்டோடு வந்த கயித்தின் மகன் ஷாயிஃபும் இன்னும் நான்கு பேரும் செத்தார்கள்.

அந்த விமானத்தை அனுப்பிய, நீ வேலை பார்க்கும் நாட்டின் சட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து, அது எடுத்த படத்தைப் பார்த்து, இது தற்காப்பு, அடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவன் நீதான் என்று உன் கடிதமே சொல்கிறது. பயங்கரவாதிகளை எங்கள் அரசு அடக்கவில்லையாம், அதனால் எல்லை தாண்டி அடிக்கலாமாம், ‘உடனடி ஆபத்து’ என்றால் அந்த ஆபத்து இன்றைக்கே வர வேண்டியதில்லையாம். பிரமாதமான சட்டம்! மலைக்குப் பின்னால் அந்தக் கூட்டம் இருப்பது உண்மைதான், என் தம்பியைக் கொன்றவர்களே அவர்கள்தான், அவர்களுக்காக நான் அழவில்லை. ஆனால் படத்தில் ஊர்ப் பெயர் இல்லை, வெறும் எண்கள்தான் இருந்தன என்று எழுதியிருக்கிறாயே, வெட்கமாக இல்லையா? ஊர் தெரியாவிட்டால் போகட்டும், நடுவில் குவிந்து கிடந்தது என்னவென்று தெரிந்ததா இல்லையா? அந்த அறையில் அதைச் சொல்லத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பயந்தாயா? வேறு ஊராக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாயா?

நேற்று என் இடுப்புக் கத்தியைக் கழற்றிக் கயித்தின் காலடியில் வைத்தேன், நம் பக்கம் தப்பு, நீயே தீர்ப்புச் சொல் என்று. அவன் அதைத் தொடவில்லை. “நீ என்னய்யா தப்பு பண்ணுன? மேல இருந்து எவனோ போட்டான், நான் யாரப் போய்க் கேக்குறது?” என்றான். நான் உன் பெயரைச் சொன்னேன். “அவனையே வந்து கத்திய வைக்கச் சொல்லு” என்றான்.

அம்மாவுக்கு மருந்து அனுப்ப வேண்டாம், நீ வா. வந்து சேரும் அளவுக்கு இறைவன் உனக்கு உடல்நலம் தரட்டும். பயப்படாதே. ஆயுதத்தைக் கீழே வைத்தவனை இங்கே யாரும் கொல்வதில்லை.

உன்னைப் பெற்ற
முஸ்லிஹ்